புதுக் காரா, பழைய காரா? மதுரையில் முதல் கார் வாங்குவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

சொந்தக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் என்று பலருக்குத் துணையாக வண்டி பார்க்கப் போயிருக்கிறேன். கையைச் சுட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் சறுக்கியது வரிசையில்தான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஷோரூமுக்குப் போய், பிள்ளைக்குப் பிடித்த நிறத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு, திங்கட்கிழமை உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். இல்லையென்றால் புரோக்கர் கொண்டுவந்த வண்டி வாசலில் பளபளவென்று நிற்கும். ஆர்சி புக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள்.

புதுசா பழசா என்பது முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை. அதற்கு முன் மூன்று கேள்விகள் இருக்கின்றன: வண்டி எங்கே நிற்கும், வருடத்துக்கு எவ்வளவு ஓடும், மொத்தம் எவ்வளவு செலவாகும். அவற்றுக்குப் பதில் எழுதிவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: ஒரு நோட்டு, அளவு நாடா, மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட், அப்புறம் உங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக். மெக்கானிக்கிடம் இப்போதே பேசி வையுங்கள். வண்டி பிடித்துப்போன பிறகு தேடினால், விற்பவர் காட்டுகிற மெக்கானிக்தான் கிடைப்பார்.

1. வண்டி நிற்கப்போகும் இடத்தை அளங்கள்

மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளிலும் சிம்மக்கல், செல்லூர்ப் பக்கத் தெருக்களிலும் கார் வாங்குவதைவிட அதை நிறுத்துவதுதான் கஷ்டம். சிறிய காரே கண்ணாடி மடக்கிய நிலையில் ஐந்து, ஐந்தரை அடி அகலம் இருக்கும். இருபுறமும் கதவு திறக்க இரண்டிரண்டு அடியாவது வேண்டும். தெருமுனையில் திரும்பும் இடத்தையும் சேர்த்து அளங்கள்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வண்டி தெருவில்தான் நிற்கும் என்றால் பைக் உரசும், தண்ணி வண்டி இடிக்கும், வேப்ப மரத்தடியில் பறவை எச்சம் பெயிண்ட்டைத் தின்னும். எட்டு லட்சம் கொடுத்த புது வண்டியில் முதல் மாதமே கோடு விழுந்தால் வருகிற மனக்கஷ்டம் சாதாரணமில்லை. ஓட்டக் கற்றுக்கொண்டு ஆறு மாதம்கூட ஆகாதவர் வீட்டிலும் இதே நிலைமைதான். இந்த இரண்டில் எது இருந்தாலும் பழைய வண்டி பக்கம்தான் சாய வேண்டும்.

2. வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுங்கள்

மனதில் நினைக்கிற தூரம் எப்போதும் நிஜத்தைவிடக் கூடுதலாக இருக்கும். எழுதித்தான் பார்க்க வேண்டும்.

வில்லாபுரத்தில் இருந்து கப்பலூருக்குத் தினமும் வேலைக்குப் போகிறவரை எடுத்துக்கொள்வோம். போக வர 25 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் வருடத்துக்கு 7,800. சிம்மக்கல்லில் கடை வைத்திருப்பவர், மாதம் இரண்டு முறை உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வம் கோயிலுக்கும் சொந்த ஊருக்கும் மட்டும் எடுக்கிறார் என்றால் 2,000 கிலோமீட்டர் தாண்டாது. முதலாமவருக்கு வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது. நின்றால் சம்பளம் போகும். இரண்டாமவர் லட்சக்கணக்கில் பணத்தை வாசலில் நிறுத்தி வைக்கத் தேவையில்லை. நேர்மையாகச் சொன்னால், அவர் தேவைப்படும் நாளில் வாடகை வண்டி எடுப்பதே மேல்.

பெட்ரோலா டீசலா என்பதும் இங்கேயே முடிவாகிவிடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு, பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்து சுத்தமாகும். கோரிப்பாளையத்துக்கும் காளவாசலுக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். சரிசெய்யப் பெரிய செலவு. ஊருக்குள் ஓட்டுபவர்கள் டீசல் பக்கம் போகாதீர்கள், புதுசானாலும் பழசானாலும்.

3. இரண்டு பக்கக் கணக்கு

நோட்டில் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் புது வண்டி, வலப்பக்கம் அதே மாடலில் ஐந்து வருடப் பழையது. கீழே நான் போடுவது ஓர் உதாரணம். உங்கள் எண்களை வைத்துப் போட வேண்டும்.

புதுசு: ஷோரூம் விலை 7 லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இருந்து ஆயுள் வரி, 5 லட்சம் வரை 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. எனவே வரி 91,000. இன்சூரன்ஸ், பதிவுச் செலவு எல்லாம் சேர்த்து 45,000 என்று வைத்தால் ரோட்டுக்கு வரும்போது 8,36,000. இதில் 6 லட்சம் கடன், 9% வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 12,450. வட்டி மட்டும் 1,47,000.

பழசு: விலை 4,50,000. பெயர் மாற்றமும் இன்சூரன்ஸும் 15,000. வாங்கியவுடன் டயர், பேட்டரி, எண்ணெய், சின்னச் சின்ன வேலைகளுக்கு 40,000. மொத்தம் 5,05,000. பழைய வண்டிக் கடனுக்கு வட்டி கூடுதல். 13% என்று வைப்போம். 3 லட்சம் கடன், நான்கு வருடம் என்றால் தவணை 8,050. வட்டி 86,000.

கையில் இருந்து போடும் பணத்தைப் பாருங்கள். ஒன்றில் 2,36,000, மற்றதில் 2,05,000. பெரிய வித்தியாசமே இல்லை. மாதத் தவணையில்தான் 4,400 ரூபாய் வேறுபடுகிறது.

இனி ஐந்து வருடம் ஓட்டி விற்பதாக வைத்துக்கொள்வோம். புது வண்டி அப்போது 4,50,000 போனால், வட்டியோடு சேர்த்து நீங்கள் இழந்தது 5,33,000. பழைய வண்டி பத்து வயதாகி 2,25,000 போனால், வட்டி, இடையில் கூடுதலாக வந்த 60,000 ரிப்பேர் எல்லாம் சேர்த்து இழந்தது 4,26,000. வித்தியாசம் 1,07,000, மாதத்துக்கு 1,800 ரூபாய்க்கும் குறைவு. பழைய வண்டியில் ஒரே ஒரு முறை எஞ்சின் பிரித்தால் இந்தச் சேமிப்பில் பெரும்பகுதி போய்விடும். பழசு வாங்கினால் பாதிக்குப் பாதி மிச்சம் என்று சொல்பவர்கள் யாரும் இந்தக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்ததில்லை.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு மேல் பிடித்த செஸ் என்ற கூடுதல் வரியும் போய்விட்டது. ஆனால் அதற்கு முன் வாங்கி இப்போது விற்பவர்கள், தங்கள் பழைய பில்லை வைத்துத்தான் விலை சொல்வார்கள். அந்த பில்லோடு ஒப்பிடாதீர்கள். அதே வண்டி இன்று ஷோரூமில் என்ன விலை என்று பார்த்து, அதில் இருந்து கீழே இறங்கிப் பேசுங்கள்.

4. இப்போது முடிவு எடுங்கள்

எட்டு, பத்து வருடம் ஒரே வண்டியை வைத்திருப்பீர்கள், தினமும் ஓட்டம், தவணை வீட்டு வருமானத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டவில்லை என்றால் புதுசு வாங்குங்கள். ஆறில் ஒரு பங்கு என்பது சட்டமில்லை. பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதத்திலும் தடுமாறாமல் தவணை கட்டியவர்களைப் பார்த்து நான் வைத்திருக்கும் அளவு.

மூன்று நான்கு வருடத்தில் மாற்றிவிடுவேன், இப்போதுதான் ஓட்டக் கற்கிறேன், ஓட்டம் குறைவு, வண்டி தெருவில் நிற்கும் என்பவர்களுக்குப் பழசு. அதிலும் மூன்று முதல் ஐந்து வயது வண்டியாகப் பாருங்கள். காரணம், பெரும்பாலான கம்பெனிகள், கிளைம் தொகையில் தேய்மானம் பிடிக்காத (ஜீரோ டெப்) இன்சூரன்ஸை ஐந்து வயது வரைதான் எளிதாகத் தருகின்றன.

பாதுகாப்புக்கும் வயதுக்கும் தொடர்பு உண்டு. திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில். முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2022 தொடக்கத்தில். அதற்கு முந்தைய அடிப்படை மாடல்களில் இவை இல்லாமல் இருக்கலாம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் போகிறவர்கள், மியூசிக் சிஸ்டத்தைப் பார்க்குமுன் இதைப் பாருங்கள்.

ஒரு கலப்பு வழியும் சிலருக்குப் பொருந்தும். ஆறேழு வயது வண்டியைக் கடன் இல்லாமல் வாங்கி, இரண்டு வருடம் ஓட்டிப் பழகி, தவணைக்கு ஆகும் பணத்தை அந்த இரண்டு வருடமும் தனியாகச் சேர்த்து, பிறகு புதுசுக்குப் போவது. என் சித்தப்பா மகன் அப்படித்தான் செய்தான். இரண்டாவது வண்டிக்கு அவனுக்குக் கடன் பாதிதான் தேவைப்பட்டது.

5. புதுசு என்றால்

விலை 10 லட்சத்தை ஒட்டி இருந்தால் மிகக் கவனம். 9,95,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,350. 10,05,000 ரூபாய் வண்டிக்கு 1,80,900. பத்தாயிரம் கூடுதல் விலைக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் வரி. போதாக்குறைக்கு 10 லட்சத்தைத் தாண்டினால் 1% டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி, பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும் என்றாலும் அன்றைக்குக் கையில் இருந்து போகும்.

ஆன் ரோடு விலையை மொத்தமாகக் கேட்காதீர்கள், பிரித்து எழுதி வாங்குங்கள். ஷோரூம் விலை, வரி, இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ் எல்லாம் தனித்தனி வரியில் இருந்தால்தான் எதில் பேரம் பேசலாம் என்று தெரியும். புது காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். ஆனால் அதை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியில் ஒரு விலை வாங்கிக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

பதிவுக்கு முன், முழுப்பணமும் கட்டுமுன், உங்களுக்கென ஒதுக்கிய வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தயாரித்த மாதத்தையும் வருடத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஜனவரியில் வாங்கினாலும் போன வருடம் தயாரானது என்றால், விற்கும்போது ஒரு வயது கூடுதலாகத்தான் கணக்காகும். டிசம்பர் தள்ளுபடிக்குப் பின்னால் இருப்பது இதுதான். பத்து வருடம் வைத்திருப்பவர் அந்தத் தள்ளுபடியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். மூன்று வருடத்தில் விற்பவருக்கு அதில் லாபம் இல்லை.

நம்மூரில் ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். அதனால் ஆடியில் பேசி விலையை முடித்து, ஆவணி பிறந்ததும் எடுப்பது நல்ல வழி. ஆயுத பூஜை நெருங்கிவிட்டால் பேரத்துக்கு இடமே இருக்காது.

6. பழசு என்றால் முதலில் காகிதம்

வண்டியை நேரில் பார்த்தால் மனசு இறங்கிவிடும். அதனால் பார்க்கப் போகுமுன்பே ஆர்சி நகலைக் கேட்டு வாங்கி, அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், தயாரித்த மாதம், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் பதிவு இருக்கிறதா என்பதெல்லாம் வரும். அபராதம் பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் தனியாகப் பாருங்கள்.

கடன் பதிவு இருந்தால் அதை நீக்கித் தருவது விற்பவர் வேலை. கடன் முடிந்ததும் வங்கி தரும் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் ஆர்டிஓ ஆபீசில் கொடுத்து நீக்க வேண்டும். நான் வாங்கிய முதல் பழைய வண்டியில் இதில்தான் அடிபட்டேன். "கடன் எப்பவோ முடிஞ்சிருச்சு தம்பி, லெட்டர் இருக்கு" என்றார் விற்றவர். லெட்டர் இருந்தது. ஆனால் அது செல்லுபடியாகும் காலம் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த வங்கிக் கிளையும் வேறு ஊருக்கு மாறிவிட்டது. பெயர் மாற்ற நான்கு மாதம் ஆனது. அன்றிலிருந்து, கடன் நீங்கிய ஆர்சியைக் கண்ணால் பார்க்காமல் யாரையும் பணம் கொடுக்க விடுவதில்லை.

ஆர்சியில் இருக்கும் பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். சில புரோக்கர்கள் ஓனரிடம் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெறும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு வண்டியைக் கைமாற்றிக்கொண்டே இருப்பார்கள். காகிதத்தில் சிங்கிள் ஓனர். நிஜத்தில் மூன்று பேர் ஓட்டியிருப்பார்கள். ஓனரிடம் போனிலாவது ஒரு முறை பேசாமல் முடிக்காதீர்கள்.

டிஎன் 58, 59, 64 எண்கள் மதுரை வண்டிகள். எந்தத் தமிழ்நாட்டு எண்ணானாலும் ஆயுள் வரி கட்டியாயிற்று. டெல்லியில் இருந்தும் பாண்டிச்சேரியில் இருந்தும் வரும் மலிவு வண்டிகளுக்கு அந்த ஊர் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, வயதைப் பொறுத்த வரி எல்லாம் சேரும். முதல் வண்டிக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

பதிவு 15 வருடத்துக்குத்தான். பன்னிரண்டு வயது வண்டி வாங்கினால் மூன்றே வருடத்தில் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை.

7. வண்டியைப் பார்ப்பது

காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் அண்ணே" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓடவிட்டிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். சூடானதில் பல சத்தங்கள் அடங்கிவிடும்.

ஸ்டார்ட் செய்யுமுன் எண்ணெய் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். மோர் போல வெள்ளையாகப் படிந்திருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம். மெக்கானிக் வேறு காரணம் காட்டினால் ஒழிய அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஸ்டார்ட் செய்தபின் புகையைக் கவனியுங்கள். நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது. அடர்ந்த வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் எரிகிறது.

அடுத்து விபத்துத் தடயம். நிழலில் வேண்டாம், வெயிலில் நிறுத்தி, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ஒரு கதவின் பெயிண்ட் மட்டும் வேறு சாயலில் இருந்தால் டிங்கரிங் நடந்திருக்கிறது. கதவு ரப்பரை இழுத்து உள்ளே வெல்டிங் புள்ளிகள் ஒரே இடைவெளியில் இருக்கின்றனவா, பானெட் போல்ட்டின் பெயிண்ட் பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கதவில் கோடு விழுந்து பெயிண்ட் அடித்திருந்தால் பயமில்லை, நம் தெருக்களில் அது சகஜம். முன்பக்கச் சட்டம், தூண், அடித்தளம் இவற்றில் வெல்டிங் தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளைக் கண்டுதான் நான் மிகவும் பயப்படுகிறேன். 2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் சென்னையும் தூத்துக்குடி, திருநெல்வேலியும், 2024 அக்டோபரில் நம் செல்லூர்ப் பகுதி என்று தண்ணீர் புகுந்த ஊர்கள் எத்தனை. கழுவிக் காயவைத்தால் வெளியே எதுவும் தெரியாது. வயர்களின் இணைப்புகள் மட்டும் ஒவ்வொன்றாக அரிக்கும். ஒரு வருடம் கழித்து ஜன்னல் வேலை செய்யாது, அப்புறம் ஏசி, அப்புறம் எஞ்சின் கம்ப்யூட்டர். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து நுனியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண், கார்பெட்டுக்கு அடியில் ஈர வாடை, ஹெட்லைட்டுக்குள் ஆவி ஆகியவற்றையும் பாருங்கள். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் கூடுதல் சந்தேகம் நல்லது.

கிலோமீட்டர் மீட்டரை நம்பாதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கடைசியாகப் பதிவான கிலோமீட்டரை ஓனர் மூலம் கேட்டு வாங்கலாம். நிஜமாகவே 35,000 மட்டும் ஓடிய வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்காது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வண்டியும் டயரும் சொல்லும் கதை ஒத்துப்போக வேண்டும்.

பெட்ரோலில் இப்போது 20% எத்தனால் கலந்து வருகிறது. 2023-க்கு முந்தைய வண்டி என்றால் பெட்ரோல் குழாய், ரப்பர் இணைப்புகளை மெக்கானிக்கிடம் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

8. ஓட்டிப் பார்ப்பது

தெருவை ஒரு சுற்று சுற்றினால் எதுவும் தெரியாது. முக்கால் மணி நேரம் கேளுங்கள். முதலில் நெரிசலில்: கீழவாசல், சிம்மக்கல் பக்கம் போய் க்ளட்ச், வெப்பமானி, ஸ்டியரிங் திருப்பும்போது வரும் சத்தம் எல்லாம் கவனியுங்கள். அடுத்து பழங்காநத்தம் மேம்பாலம் போல ஓர் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஏறுங்கள். எஞ்சின் சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் க்ளட்ச் முடிந்துவிட்டது. கடைசியாக நத்தம் சாலை மேம்பாலத்தில் சீரான வேகத்தில் போய், ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துப் பாருங்கள். வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, பிரேக் பிடிக்கையில் அதிர்ந்தாலோ எழுதிக்கொள்ளுங்கள்.

காலையில் பார்த்தது போதாது. அதே வண்டியை இன்னொரு நாள் நடுப்பகலில் ஏசி போட்டுப் பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிடுங்கள். சித்திரை வெயிலில் மதுரையில் தாங்கும் ஏசிதான் ஏசி.

எழுதி வைத்த குறைகள் ஒவ்வொன்றுக்கும் மெக்கானிக்கிடம் தொகை கேட்டு, கூட்டி, அதை வைத்து விலை பேசுங்கள். வெறுமனே "குறைத்துக் கொடுங்கள்" என்பதைவிட, "நாலு டயருக்கு இருபதாயிரம், க்ளட்ச்சுக்கு பத்தாயிரம்" என்று சொல்லும்போது விற்பவரும் யோசிப்பார்.

9. பணமும் பெயர் மாற்றமும்

முன்பணம் பத்தாயிரத்துக்கு மேல் வேண்டாம். அதையும் வங்கி வழியாகக் கொடுத்து, வண்டி எண், ஒத்துக்கொண்ட விலை, எந்தத் தேதிக்குள் என்ன காகிதம் என்று எழுதி வாங்குங்கள். மீதியை ஆர்சியில் இருக்கும் பெயருக்கே அனுப்புங்கள்.

படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, ஒரிஜினல் ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, விற்பவரின் அடையாளச் சான்று நகல், இரண்டு சாவிகள் எல்லாம் கைக்கு வந்த அன்றே மீதிப் பணம். பெயர் மாற்ற விண்ணப்பத்தை அந்த வாரமே போட்டுவிடுங்கள். தேதியும் மணியும் போட்டு வண்டி ஒப்படைப்புக் கடிதம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இது விற்பவருக்கும் நல்லது. வண்டி யார் பெயரில் பதிவாகி இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. இதைச் சொன்னால், பெயர் மாற்றத்தில் மெத்தனமாக இருக்கும் ஓனரும் கூடவே ஆர்டிஓ ஆபீசுக்கு வருவார்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால், உங்கள் வண்டிக்கு அடிபடும்போது கிளைம் கிடைக்காமல் போகலாம். கிளைம் கேட்காத வருடங்களுக்காக விற்றவருக்குச் சேர்ந்த தள்ளுபடி (நோ கிளைம் போனஸ்) அவரோடு போய்விடும். அது வண்டிக்குச் சொந்தமில்லை. அந்த வித்தியாசத் தொகையை நீங்கள்தான் கட்ட வேண்டும் என்பதால் முன்பே கணக்கில் வையுங்கள்.

10. முதல் வாரம்

பழைய ஃபாஸ்டேக்கை விற்றவரிடம் சொல்லி மூடச் சொல்லுங்கள். இல்லையென்றால் கப்பலூர் டோலில் நீங்கள் போகும்போது அவர் கணக்கில் பணம் போகும், அவர் திடீரென்று மூடினால் நீங்கள் வரிசையில் மாட்டிக்கொள்வீர்கள். புது ஆர்சி வந்ததும் உங்கள் பெயரில் ஃபாஸ்டேக் எடுங்கள்.

போன வாரம்தான் மாற்றினேன் என்று விற்றவர் சொன்னாலும் எஞ்சின் எண்ணெய், எண்ணெய் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட் நான்கையும் மாற்றிவிடுங்கள். அன்றைய கிலோமீட்டரையும் தேதியையும் அதே நோட்டில் எழுதுங்கள். அடுத்த சர்வீஸ் அந்த எண்ணில் இருந்துதான் கணக்கு.